மைதானம் நிரம்பிவிட்டது

காலை நாலரைக்கு மைதானத்தின் கதவு திறக்கும். மூன்றரைக்கே நானும் மைதானப் பணியாளர் ஜெரோமும் வாசலில் இருப்போம். முதல் வேலை செருப்புகளைச் சரிபார்ப்பது. கதவுக்கு இடப்பக்கம் வேலியோரமாக வரிசையாக விட்டிருப்பார்கள். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, குதிகால் தேய்ந்த சாண்டல், மண் படிந்த ஒரு ஜோடி ஹாக்கி ஷூ. நாய் எதையாவது கவ்விக்கொண்டு போயிருந்தால் தேடிக் கொண்டுவந்து அதே இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறினால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். எட்டாங்குறிச்சி நகராட்சியின் பூங்காப் பிரிவில் இருபத்தாறு வருடமாக மேற்பார்வையாளர் நான். இத்தனை வருடத்தில் நான் கற்ற பெரிய வித்தை செருப்பு அடுக்குவதுதான் என்று ஜெரோமிடம் சொல்லிச் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். அந்த வரிசையில் பதினேழாவது ஜோடி அவர் மனைவியுடையது.

பிறகு புல்லின் ஈரம் பார்த்து, கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டு, வேலிக்கு வெளியே வந்து நிற்போம். நாலரைக்குப் புல் அசையத் தொடங்கும். முதலில் கிஷோர் ஐயா. வலது காலைச் சற்று இழுத்து நடப்பார், கிழக்கு மூலையில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்குவார். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் ஜெரோமின் மனைவி ஷெரின். சின்னச் சின்ன எட்டு வைத்து நடப்பாள், ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். ஐந்து பத்துக்கு என் தங்கை ஹாசினி. இடது ஓரக்கோட்டை ஒட்டி ஓடிவருவாள். கோல் கம்பத்துக்கு முன்னால் இருக்கும் அரைவட்டத்தின் உச்சிக்கு வந்ததும் அப்படியே இல்லாமல் போவாள்.

அவர்கள் தெரிய மாட்டார்கள். புல் மடங்குவது தெரியும், நிமிர்வது தெரியும். முந்நூறு பேர் நடக்கும் மைதானத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்காது. நசநசவென்று ஈரப்புல் மிதிபடும் சத்தம் மட்டும் வெயில் ஏறுமுன் எல்லோரையும் வெளியேற்றும் ஆறரை மணிச் சங்கு ஊதும்வரை கேட்டுக்கொண்டிருக்கும். நான்கு வருடம் கேட்டும் எனக்கு அது பழகவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

வெயிலில் பழைய புல்வகைகளெல்லாம் கருகியபின் வந்தது இந்த நடைப்புல். மிதித்தால்தான் வளரும். மூன்று நாள் கால் படாவிட்டால் மஞ்சளடித்துச் செத்துப்போகும். அதன் அடியில் அழுத்தப் படுகை என்று ஒன்றைப் பதித்தார்கள். மேலே விழும் ஒவ்வொரு காலடியையும் அது பதிந்துகொள்ளும். ஆள் வராத நாட்களில், பதிந்துவைத்த நடையை அப்படியே திருப்பி ஓட்டும். அதே இடத்தில், அதே வேகத்தில், அதே கனத்துக்கு மண் உள்வாங்கும். புல்லுக்கு ஏமாற்றம் இல்லை. அதற்குக் கால்தான் வேண்டும், ஆள் வேண்டியதில்லை.

பயன்பாட்டு விதி என்று ஒரு சட்டமும் இருந்தது. மாதத்துக்கு ஆறாயிரம் பேர் வராத திறந்தவெளியைக் குளிர்க்கூடம் கட்ட எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் ஒன்பது பூங்காவும் இரண்டு மைதானமும் இருந்தன. எல்லாம் போய் மிஞ்சியது இது ஒன்று. நான்கு வருடத்துக்கு முன் வெயிலில் யாரும் வெளியே வரக் கூடாது என்ற வெப்ப அடைப்பு இருபத்தொரு நாள் நீண்டபோது, இதுவும் போய்விடும் என்ற நிலை வந்தது. படுகை ஓட்டும் நடையும் ஆள் கணக்கில் சேரும் என்பதால், படுகையை ஓட்டலாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். யாருடைய நடையை ஓட்ட என்று திரை கேட்டது. ஆயிரக்கணக்கான பெயர்கள். நான் ஹாசினியைத் தேர்ந்தெடுத்தேன். புல்லைக் காப்பாற்றும் பொருட்டு என்று கோப்பில் எழுதினேன். உண்மை என்னவென்றால், எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் ஜெரோம் தயங்கித் தயங்கி வந்து ஷெரினைக் கேட்டார். அடுத்த வாரம் கிஷோர் ஐயாவின் மகன். அப்புறம் ஊரே வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நகராட்சியில் மனுக் கொடுத்து, இறந்தவரின் செருப்பைக் கொண்டுவந்து வாசலில் விடுவது வழக்கமாகிவிட்டது. 'கால் விடுவது' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையைக் கூட முதலில் வேலியோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். மாநிலத்திலேயே அதிகம் பயன்படும் மைதானம் என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை நான்தான் போய் வாங்கினேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய்.

ஒரு திங்கட்கிழமை, அன்றைக்கு ஏற்றியிருக்கும் நடைகளையும் உள்ளே இருக்கும் ஆட்களையும் சேர்த்து எண்ணும் வாசல் பலகை முந்நூறு என்று காட்டியது. அது சிவப்பில் எழுதியதை நான் அன்றுதான் பார்த்தேன். 'மைதானம் நிரம்பிவிட்டது.'

கதவுக்கு வெளியே நிலோபரும் அவளுடைய பன்னிரண்டு பெண்களும் ஹாக்கி மட்டைகளோடு நின்றார்கள். நிலோபர் பயிற்சியாளர். ஒரு காலத்தில் ஹாசினி ஆடிய அணிக்குக் கோல்கீப்பர். அவளுடைய பெண்கள் மட்டும்தான் இந்த ஊரில் இன்னும் உயிரோடு மைதானத்துக்குள் போகிறவர்கள்.

"கதவத் தொறங்க அக்கா. நேரம் போகுது."

"தொறக்காது நிலோபர். முந்நூறுக்கு மேல ஒரு ஆள் விடாது. கூட்ட நெரிசல்ல எங்கயோ ஆள் செத்துப்போய் வந்த சட்டம். கம்ப்யூட்டர் பூட்டு, நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவள் உள்ளே பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. புல் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"போன மாசம் பன்னெண்டு எடம் இருந்துச்சே?"

"இந்த மாசம் பன்னெண்டு பேர் தவறிட்டாங்க."

இதைச் சொல்லும்போதே எனக்கு என் குரல் பிடிக்கவில்லை. ரேஷன் கடையில் சரக்கு இல்லை என்று சொல்வது போல இருந்தது. பெண்களில் ஒருத்தி, பவளம், வேலியில் முகத்தை வைத்து இடது ஓரக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி காலத்துப் பெயர்களெல்லாம் திரும்ப வந்துவிட்ட தலைமுறை. பதினாறு வயது. அணியில் இடது ஓரம் ஓடுகிறவள் அவள்தான்.

"ஒரு நடைய எடுக்கணும்னா குடும்பத்துல கையெழுத்துப் போடணும்," என்றேன். "கூட்டிப் பேசிப் பார்க்கேன்."

புதன்கிழமை நகராட்சிக் கூட்டரங்கில் நாற்பது குடும்பங்கள் வந்தன. பன்னிரண்டு இடம் போதும், பெண்பிள்ளைகள் ஆடட்டும் என்று கேட்டேன். எல்லோரும் மிகவும் நியாயம் என்றார்கள். பிள்ளைகள் ஆடாவிட்டால் எப்படி என்றுகூட ஒருவர் கண்கலங்கினார். கையெழுத்துத் தாளை நீட்டியதும் அரங்கத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கைக்குட்டை தேவைப்பட்டது.

"எங்கப்பா அம்பது வருசம் இந்த மைதானத்துல நடந்தவரு," என்றார் கிஷோர் ஐயாவின் மகன் தீபக். "அவர எடுத்துட்டு யாரோ ஒரு பிள்ளைய விடணுமா? இன்னொரு மைதானம் கட்டுங்க."

"எங்க கட்ட? ஏற்கெனவே பத்து போயாச்சு."

"அப்பம் மொதல்ல உள்ள வந்தவங்கள மொதல்ல எடுக்கதுதான மொறை?" என்றாள் பின்வரிசையில் ஒரு பெண்மணி. "ஒங்க தங்கச்சிய எடுங்க மேடம். பின்னால நாங்க போடுதோம்."

தாள் என் முன்னால்தான் இருந்தது. பேனாவும் இருந்தது. நான் போடவில்லை. தண்ணீர் குடித்தேன், கூட்டம் முடிந்தது என்று சொன்னேன். முந்நூறு பேரில் முதல் கோழை நான்தான்.

ஹாசினி எப்படிப் போனாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மாவட்ட இறுதியாட்டம். ஆட்டம் சமநிலையில் இருந்தபோது சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் மைதானத்தைக் காலி செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டியவள் நான். இன்னும் பத்து நிமிடம் கேட்டு இரண்டு அணியும் கெஞ்சின. ஹாசினி தூரத்திலிருந்து இரண்டு கையையும் கூப்பிக் காட்டினாள். சரி என்று நான் தலையாட்டினேன். எட்டாவது நிமிடம் அரைவட்டத்தின் உச்சியில் அவள் வெயில் தாக்கி விழுந்தாள். படுகைக்கு விழுவது பதியத் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். அதனால் திரையில் நான் குறித்த நேரப்படி தினமும் ஐந்து பத்துக்கு அவள் ஓடிவருகிறாள், விழாமலேயே முடிந்துபோகிறாள். அதைத்தான் நான் நான்கு வருடமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைதானம் இல்லாததால் நிலோபர் பெண்களைப் புறவழிச் சாலைக்குக் கூட்டிப்போனாள். இரவு முழுக்க ஆறினாலும் தார் விடியும்போதே சுடத் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை ஆறு மணி போல எனக்குத் தகவல் வந்தது. நான் போனபோது பவளம் சாலையோரம் கிடந்தாள். தோல் காய்ந்து கொதித்தது. நிலோபர் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்வரை நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"ஹாசினி விழுந்தப்பவும் நீங்க இப்படித்தான் அக்கா நின்னீங்க," என்றாள் நிலோபர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பவளம் பிழைத்துக்கொண்டாள். பத்து நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்றார்கள்.

மறுநாள் காலையில் செருப்புகளை அடுக்கி முடித்ததும் ஜெரோமிடம் உருளைக் கதவின் சாவியைக் கேட்டேன். மைதானத்தின் பின்பக்கம், புல் சமன் செய்யும் உருளையைக் கொண்டுபோகும் பழைய இரும்புக் கதவு. அதற்குக் கம்ப்யூட்டர் பூட்டு கிடையாது, சாதாரணப் பூட்டு. ஜெரோம் உடனே புரிந்துகொண்டார்.

"மேடம், எண்ணிக்கை முந்நூத்திப் பத்தத் தாண்டினா படுகை தன்னால நின்னுரும்."

"தெரியும்."

"நின்னா அம்புட்டு நடையும் அழிஞ்சிரும். மாட்டும்போதே கம்பெனிக்காரன் சொன்னான்லா."

"தெரியும் ஜெரோம்."

அவர் வளையத்திலிருந்து அந்தச் சாவியை மட்டும் கழற்றினார். அறுபத்து மூன்று வயது மனிதர். கோடு போடும்போது ஷெரின் நடக்கும் பாதையில் மட்டும் சுண்ணாம்பைப் பட்டும் படாமல் தூவுகிறவர்.

"ஒரு ரவுண்டு முடிச்சிரட்டும்," என்றார்.

காத்திருந்தோம். சின்னச் சின்ன எட்டாக ஷெரின் மைதானத்தைச் சுற்றிவந்து, வாசல் பக்கம் நின்று, முடிந்துபோனாள். ஜெரோம் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நிலோபரும் பதினொரு பெண்களும் உருளைக் கதவு வழியாக ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒவ்வொரு புதுக் காலையும் படுகை எண்ண, பலகையில் முந்நூற்றொன்று, முந்நூற்றிரண்டு என்று ஏறியது. சரியாக ஐந்து பத்து. இடது ஓரத்தில் புல் பட்பட்டென்று மடங்கத் தொடங்கியது. ஹாசினி வந்துகொண்டிருந்தாள். முந்நூற்றெட்டு. அவள் நடுக்கோட்டைத் தாண்டினாள். கத்தி நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் வாய் திறந்தேன். முந்நூற்றுப் பத்து. பதினோராவது ஆள் கால் வைத்ததும், மண்ணுக்கடியில் மின்விசிறி நிற்பது போல ஒரு சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. மைதானம் முழுக்க மடங்கியிருந்த புல் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது. ஹாசினி அரைவட்டத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போதே போய்விட்டாள்.

பெண்கள் நகராமல் நின்றார்கள். மூச்சுவிடவும் பயந்தது போல. நிலோபர்தான் பந்தைக் கீழே போட்டாள்.

ஏழு மணிக்குள் ஊர் திரண்டுவிட்டது. அடி விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். விழவில்லை. அழுதார்கள். சிலர் செருப்புகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆணையர் என் விளக்கத்தை எழுத்தில் கேட்டார், உருளைக் கதவைப் பற்றவைத்து அடைக்கச் சொன்னார். நான் கூட்டத்தைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

"இன்னும் மூணு நாள்ல இந்தப் புல்லு செத்துரும். அப்புறம் எடத்த எடுத்துக்கிடுவாங்க. காப்பாத்தணும்னா நீங்கதான் வந்து மிதிக்கணும். அதுக்கு யார் காலுன்னு தெரியாது."

இரண்டு நாள் யாரும் வரவில்லை. நிலோபரின் பெண்கள் மட்டும் ஆடினார்கள். ஓரங்களில் புல் மஞ்சளாகத் தொடங்கியது. மூன்றாம் நாள் நாலரைக்குத் தீபக் வந்தார். அப்பாவின் தோல் செருப்பை மாட்டியிருந்தார். உள்ளே போய் நடந்தார். வலது காலைச் சற்று இழுத்து நடந்தார். கிழக்கு மூலையில் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கினார். அவருக்குக் காலில் ஒரு குறையும் கிடையாது, நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அன்று முப்பது பேர் வந்தார்கள். மறுநாள் நூற்றைம்பது. நான்கு வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள். யார் எங்கே திரும்புவார், எங்கே தடுக்குவார், எங்கே நிற்பார் என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். இளைஞன் கூன் போட்டு நடந்தான். ஒரு தாய், எட்டு வயதில் இறந்த மகனுக்காகக் குதித்துக் குதித்து நடந்தாள். ஜெரோம் ஷெரினின் செருப்பில் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, சின்னச் சின்ன எட்டு வைத்தார். யாரும் யாரிடமும் பேசவில்லை. புல் மீண்டும் பசேலென்று ஆகிவிட்டது.

நான் மட்டும் என்ன? மண் படிந்த அந்த ஹாக்கி ஷூ எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், மூட்டுவலியோடு, ஐந்து பத்துக்கு இடது ஓரத்தில் ஓடினேன். அரைவட்டத்தின் உச்சியில் வந்து நின்றேன். அங்கேயே சங்கு ஊதும்வரை நின்றேன். அப்படி நிற்கையில் மனசுக்கு இதமாக இருந்தது என்பதுதான் பயங்கரம்.

பத்தாம் நாளும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது வாசல் பலகை கண்ணில் பட்டது. முந்நூறு. மைதானம் நிரம்பிவிட்டது. வெளியே நிலோபரின் பெண்கள் மட்டைகளோடு நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் பவளம். மருத்துவமனையிலிருந்து நேராக வந்திருந்தாள் போலிருக்கிறது, மணிக்கட்டில் பட்டை அப்படியே இருந்தது. நிலோபர் என்னைக் கூப்பிடவில்லை. பவளம் வேலியில் முகத்தை வைத்து இடது ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹாசினியால் இந்த இடத்தைவிட்டு ஓர் அடி வைக்க முடியாது. என்னால் முடியும். இவ்வளவு எளிய விஷயம் என் மண்டையில் ஏறப் பத்து நாள் ஆகியிருந்தது. வலது காலைத் தூக்கினேன். அவள் போகாத பக்கமாக, மைதானத்தின் குறுக்கே நேராக வாசலைப் பார்த்து நடந்தேன். எத்தனையோ பேரின் பாதைகளை மிதித்துக்கொண்டு போனேன்.

"லைன் விட்டு வராதீங்க மேடம்," என்றார் தீபக், தலையைத் திருப்பாமல். கிஷோர் ஐயாவின் குரலில் சொன்னார்.

நான் வெளியே வந்ததும் பலகை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றது. கதவு திறந்தது. பவளம் என் முகத்தைப் பார்த்தாள்.

"போம்மா. மெதுவா ஓடு, இப்பத்தான் எந்திரிச்சிருக்க."

மெதுவாக எங்கே ஓடினாள்? பந்தைத் தட்டிக்கொண்டு இடது ஓரத்தில் பறந்தாள். எதிரே நடந்தவர்களை வளைந்து வளைந்து தாண்டினாள். அரைவட்டத்தின் உச்சி வந்தது. நான் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் அங்கே நிற்கவில்லை. அதைத் தாண்டி உள்ளே போய் ஓங்கி அடித்தாள். பந்து கோல் பலகையில் மோதிய சத்தத்துக்குச் சிலர் மட்டும் ஒரு கணம் நடை தடுமாறி, உடனே சரிசெய்துகொண்டார்கள்.

நான் ஷூவைக் கழற்றினேன். வெறுங்காலோடு வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"இன்னும் பதினோரு பிள்ளைங்க நிக்குது. அடுத்து யாரு வெளிய வாறீங்க?"

ஒருவரும் திரும்பவில்லை. நசநசவென்ற அந்தச் சத்தம் மட்டும். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது, வடக்கு மூலையில் ஜெரோம் நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு ரவுண்டு முடிச்சிட்டு வாறேன் மேடம்," என்றார்.

சங்கு ஊத இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஷெரினுக்கு ஒரு சுற்றுக்கு ஏழு நிமிடம். நான் வாசலில் காத்திருந்தேன்.